கோழி அடைகிடந்த அடுப்பு

போன மாதம் ஒரு பயிற்சிக் கூட்டத்துக்கு என்னைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள். கூட்டம் முடிந்ததும் உங்களில் ஒரு பெண் எழுந்து கேட்டாள்: "மேடம், நானும் மாடா உழைக்குதேன். எங்க ஆபீசர் ஏறெடுத்தும் பாக்க மாட்டேங்காரு. மேல போகணும்னா அவரு சொல்லணும். அவரை எப்படிச் சொல்ல வைக்கது?"

நான் சிரித்து மழுப்பிவிட்டேன். காரணம், அவளுடைய ஆபீசர் அவளுக்குப் பின் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். அவரை வைத்துக்கொண்டு சொல்லக்கூடிய பதில் இல்லை அது. ஆகவே இங்கே எழுதுகிறேன். ஊர்நல வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் எல்லோரும் படியுங்கள். ஆபீசர்களும் படித்தால் படிக்கட்டும். ஓய்வு பெற்றவளை யார் என்ன செய்துவிட முடியும்!

ஐம்பதுகளின் கடைசியில், கோவில்பட்டிப் பக்கத்து வட்டார அலுவலகம் ஒன்றில் நான் கிராம சேவிகாவாக இருந்தேன். இன்று நீங்கள் செய்கிற வேலைதான், பெயர்தான் வேறு. ஊர் ஊராகப் போய் மாதர் சங்கம் கூட்டுவது, பிள்ளைகளுக்குப் பால்பொடி கரைத்துக் கொடுப்பது, தையல் சொல்லிக்கொடுப்பது, சுத்தம் சுகாதாரம் என்று தொண்டை கிழியப் பேசுவது. கிராம சேவிகாவுக்கு அடுத்த படி முக்கிய சேவிகா. அந்தப் படியில் ஏற வேண்டுமானால் மதுரைக்கு வடக்கே ஒரு நிலையத்தில் போய்ப் பயிற்சி எடுக்க வேண்டும். வட்டாரத்துக்கு ஒருத்தியைத்தான் எடுப்பார்கள். அந்த ஒருத்தி யார் என்பதைச் சொல்ல வேண்டியவர் எங்கள் வட்டார வளர்ச்சி அதிகாரியான பி.டி.ஓ. பயிற்சிக்கு வயது வரம்பும் உண்டு. நான் சொல்லப்போகிற வருடம் தவறினால் எனக்கு அந்தக் கதவு மூடிவிடும். பிறகு தலை நரைக்கிற வரைக்கும் கிராம சேவிகாதான்.

எங்கள் பி.டி.ஓ. ஒல்லியான, உயரமான மனிதர். பாளையங்கோட்டைக்காரர். சத்தம் போட மாட்டார். கோபம் வந்தால் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி முனையால் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தாலே அலுவலகத்தில் எல்லோரும் வேலை இருப்பதுபோல எழுந்து போய்விடுவார்கள்.

அவர் மனதில் இடம்பிடிக்க நான் என்னவெல்லாம் செய்து பார்த்தேன் என்று கேளுங்கள், சிரிப்பீர்கள். முதலில், யாரும் போகாத ஊர்களுக்கெல்லாம் நானே கையைத் தூக்கிக்கொண்டு போனேன். சித்திரை வெயிலில் கரிசல்காட்டு வண்டிப்பாதையில் நடந்து நடந்து செருப்பு தேய்ந்ததுதான் மிச்சம். அவருக்கு அது தெரியவே தெரியாது. தெரியும்படி யாராவது சொன்னால்தானே!

பிறகு ஒரு தீபாவளிக்குக் கடம்பூர் போளி வாங்கிக்கொண்டு போய் அவர் வீட்டில் கொடுத்தேன். வீட்டம்மா சந்தோஷமாக வாங்கிக்கொண்டார்கள். மறுநாள் அந்தப் பொட்டலம் அப்படியே அலுவலக மேசைமேல் இருந்தது. "சேவிகாம்மா எல்லாத்துக்கும் போளி வாங்கியாந்துருக்காவ, வந்து எடுத்துக்கிடுங்க" என்று அவரே எல்லோரையும் கூப்பிட்டுக் கொடுத்தார். எனக்கும் ஒன்று தந்தார். நான் வாங்கிய போளியை நானே தின்றேன்.

மூன்றாவது, எல்லோரும் செய்கிற முட்டாள்தனம். என் தாய்மாமா ஊரில் கொஞ்சம் செல்வாக்கானவர். அவரைப் போய்ச் சொல்லச் சொன்னேன். மாமா போய் ஒருமணி நேரம் என் பெருமையை அளந்துவிட்டு வந்தார். மறுநாள் பி.டி.ஓ. என்னைக் கூப்பிட்டார். கண்ணாடி கையில் இருந்தது.

"ஏம்மா, ஒங்க மாமா ரொம்ப நல்லாப் பேசுதாரு. டிரெயினிங்குக்கு அவரையே அனுப்பிருவமா?"

அன்றைக்கு நான் தையல் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஸ்டெல்லாதான் தட்டித் திறக்க வைத்தாள். ஸ்டெல்லா எங்கள் அலுவலக டைப்பிஸ்ட், என் வயசுக்காரி, என் சிநேகிதி. வாய் மட்டும் கொஞ்சம் நீளம்.

"ஏட்டி, ஒன் மூஞ்சியைப் பாத்து அவரு வேண்டாங்கல. ஒனக்கு முன்னால இங்கன ஒரு சேவிகா இருந்தா. அவரு முட்டி மோதி அவளை டிரெயினிங்குக்கு அனுப்பினாரு. போயிட்டு வந்த சூட்டோட கல்யாணம்னு பத்திரிகையை நீட்டினா. வேலையையும் விட்டுட்டுப் போயிட்டா. திருநெல்வேலி பெரிய ஆபீசுல இவரை நிக்க வச்சுக் கேட்டுருக்காவ, 'பொம்பளைப் பிள்ளையை அனுப்பி சர்க்கார் செலவுல சீர் செஞ்சீரோ'ன்னு. அதுலருந்து பொம்பளை பேரை எடுத்தாலே அவருக்கு வயித்தைக் கலக்கும்."

பிள்ளைகளா, இதைக் கேட்டதும் எனக்கு அழுகை நின்றுவிட்டது. அத்தனை நாளும் 'என்னிடம் என்ன குறை' என்று என்னையே தோண்டிக்கொண்டிருந்தேன். அவருடைய தயக்கம் என்னைப் பற்றியதே அல்ல. எனக்காகப் பேசி, மறுபடியும் தலைகுனிய நேருமோ என்று அவர் பயந்தார். பயப்படுகிற மனிதருக்குப் போளி கொடுத்தால் பயம் போகுமா? மாமாவை அனுப்பினால் போகுமா? ஆனால் என்ன செய்தால் போகும் என்றும் எனக்குத் தெரியவில்லை.

இந்த நிலைமையில்தான் புகையில்லா அடுப்பு வந்தது.

அந்த அடுப்பைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. மண்ணால் கட்டி, மேலே வரிசையாகப் பானை வைக்கத் துளைகள் விட்டு, பின்னால் ஒரு குழாயைக் கூரை வழியாக வெளியே நீட்டி, புகையை அந்த வழியே அனுப்புகிற அடுப்பு. நல்ல யோசனைதான். அடுப்பூதிக் கண் சிவந்த பெண்களைப் பார்த்தவர்கள் யாரும் அதைக் குறை சொல்ல மாட்டார்கள். எட்டயபுரம் போகிற பாதையில் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்து, வீடு தவறாமல் இதைக் கட்ட வேண்டும் என்று உத்தரவு. ஊர்ப் பெயர் வேண்டாம். கட்ட வேண்டியவள் நான். உள்ளூர் மண்ணிலேயே கட்ட வேண்டும் என்பதும் உத்தரவு.

உள்ளூர் மண் என்றால் கரிசல். நம் பக்கத்துப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மழை பெய்தால் காலை விடாது, காய்ந்தால் கால் நுழைகிற அளவுக்கு வெடிக்கும். அதில் போய் யாராவது அடுப்புக் கட்டுவார்களா? எங்கள் வீடுகளில் அடுப்புக் கட்ட வேண்டும் என்றால் கழுகுமலைப் பக்கத்திலிருந்து செம்மண் கொண்டுவருவார்கள்.

எனக்கு இது தெரியும். மாதக் கூட்டத்தில் எழுந்து சொல்லவும் செய்தேன். எங்களைப் போலவே ஊர் ஊராகப் போகிற ஆண் ஊழியர்களான கிராம சேவக்குகள், எழுத்தர்கள், ஊர்த் தலைவர்கள் என்று அறை நிறைய ஆட்கள். "சார், கரிசல் மண்ணுல அடுப்பு நிக்காது. இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்" என்றேன். பின்னால் இரண்டு பேர் சிரித்தார்கள். பி.டி.ஓ. கண்ணாடியைக் கழற்றினார்.

"உத்தரவுல இருக்கபடி செய்யுங்க. ஒக்காருங்க."

உட்கார்ந்தேன். உத்தரவுப்படி கட்டினேன். ஊர்ப் பெண்கள் என்மேல் இருந்த பிரியத்தில் ஒருத்திகூட வேண்டாம் என்று சொல்லவில்லை. கட்டி முடித்ததும் சுண்ணாம்பு பூசிக் கோலம்கூடப் போட்டார்கள். ஊர் முழுக்கப் புகையில்லா அடுப்பு எரிகிறது என்று பி.டி.ஓ. மேலே சொன்னார். அதை நேரில் பார்க்கத் திருநெல்வேலியிலிருந்து பெரிய அதிகாரி ஒருவர் வருவதாகச் சேதி வந்தது. பயிற்சிக்குப் பெயர் அனுப்ப வேண்டிய நேரமும் அதுதான்.

அதிகாரி வருவதற்கு முன்னால், எல்லாம் ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்க நான் அந்த ஊருக்குப் போனேன். முதல் வீட்டில் அடுப்பு வாயில் உப்புச்சட்டியும் புளிப்பானையும் இருந்தன. அடுத்த வீட்டில் அடுப்பு நடுவாக இரண்டாகப் பிளந்திருந்தது. குருவம்மா வீட்டுக்குப் போனேன். தெலுங்கு பேசுகிற சம்சாரி வீடு அது, விவசாயக் குடும்பம். ஊர்ப் பெண்களுக்கெல்லாம் நான் 'டீச்சர்'. என்னை உட்காரவைத்து மோர் கொடுக்காமல் அனுப்பவே மாட்டாள். அவள் வீட்டு அடுப்புக்குள் ஒரு கோழி அடைகிடந்தது.

"என்ன குருவம்மா இது?"

அவளுக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கோவிச்சுக்கிடாதீங்க டீச்சர். வெடிச்சுப் போச்சு. வெடிக்காட்டியும் எங்களுக்குத் தோதுப்படாது. நாங்க எரிக்கது பருத்திமாரு, காஞ்ச செடி ஆள் ஒயரம் இருக்கும். அதை ஒடிச்சு ஒடிச்சு இந்தப் பொந்துக்குள்ள வைக்கதுக்கே ஒரு ஆளு வேணும். கம்பஞ்சோத்தைக் கிண்டுனா மேல் மண்ணு உதிர்ந்து சோத்துல விழுது. அம்புட்டு ஆசையா கட்டிக் குடுத்தீங்களா, சொல்ல மனசு வரல."

நான் அடுப்பையும் கோழியையும் மாறி மாறிப் பார்த்தேன். கூட வந்திருந்த கிராம சேவக் கெட்டிக்காரர். "டீச்சர், இதுக்குப் போய்ப் பதறாதீங்க. சாணி போட்டு விரிசலை மெழுகிருவோம். ஒரு காலைப்பொழுது தீ எரிஞ்சாப் போதும். அவிய ஜீப்பை விட்டு எறங்கி ரெண்டு வீடு பாப்பாவ, எளநி குடிப்பாவ, போயிருவாவ" என்றார்.

குருவம்மாவும் தலையாட்டினாள். "ஒங்களுக்காக ஒருநாளு மூட்டமாட்டமா டீச்சர்? கோழியைத் தூக்கி அங்கன போட்டுட்டாப் போச்சு."

உள்ளதைச் சொல்கிறேன், எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. ஒரு காலைப்பொழுது ஒப்பேற்றிவிட்டால் பி.டி.ஓ.வுக்கு நல்ல பெயர், எனக்குப் பயிற்சி. ஆனால் மெழுகிய சாணி தீ பட்டதும் காய்ந்து, வந்தவர் கண் முன்னாலேயே ஒரு துண்டு பெயர்ந்து விழுந்தால்? 'எங்களிடம் சொன்னது இதுதானா' என்று பி.டி.ஓ.வைத்தான் கேட்பார்கள். ஏற்கெனவே ஒரு பெண்ணை நம்பி அவமானப்பட்டவர். இரண்டாவது பெண்ணும் அதையே செய்தால், எனக்கு மட்டுமல்ல, எனக்குப் பின்னால் வருகிற ஒருத்திக்கும் அவர் கதவைத் திறக்க மாட்டார்.

கிராம சேவக்கிடம், "விரிசலை மெழுக வேண்டாம், ஒரு வண்டி செம்மண் கொண்டாரச் சொல்லுங்க" என்றேன். குருவம்மாவின் பக்கத்து வீட்டில் பழைய அடுப்பை இடித்துவிட்டு நானும் அவளும் அந்த வீட்டுக்காரியுமாகப் புதிதாகக் கட்டினோம். செம்மண்ணோடு கம்பு உமியையும் சாணியையும் குழைத்தோம். பருத்திமார் முழுசாக நீண்டு கிடக்கும்படி வாயை அகலமாக விட்டோம். கிண்டும்போது காலால் அணைகொடுக்க வசதியாகத் தாழ்வாகக் கட்டினோம். குழாயைக் கூரையில் விடாமல் பக்கத்துச் சுவர் வழியாக விட்டோம். மூட்டிப் பார்த்தபோது புகை முழுக்கப் போகவில்லை. பாதி போயிற்று. கம்பஞ்சோறு கிண்டியும் மண் உதிரவில்லை.

பிறகு அலுவலகம் போய், எல்லோரும் சாப்பிடப் போகும்வரை காத்திருந்து, பி.டி.ஓ. தனியாக இருந்தபோது உள்ளே போனேன். கோழி உட்பட எல்லாவற்றையும் சொன்னேன்.

கண்ணாடியைக் கழற்றினார். துடைத்தார். மறுபடி மாட்டவே இல்லை.

"இதை முன்னாலேயே சொல்லுததுக்கு என்ன?"

"சொன்னேனே சார், மீட்டிங்குல."

"மீட்டிங்குல சொன்னா அதுக்குப் பேரு சொல்லுததா? அத்தனை பேரு முன்னால, 'சின்னப் பிள்ளைக்குத் தெரிஞ்சது ஒமக்குத் தெரியலயே'ன்னு கேட்டே. 'ஆமா, எனக்குத் தெரியலதான்'னு எந்த மனுசன் ஒத்துக்கிடுவான்? அன்னைக்கே சாயந்தரம் உள்ள வந்து சொல்லியிருந்தேன்னா மேல எழுதிச் செம்மண்ணுக்கு வழி பண்ணியிருப்பேன்."

எனக்குச் சுருக்கென்றது. அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடத் தப்பில்லை. ஆபீசரும் மனுசர்தான், அவருக்கும் நாலு பேர் முன்னால் ஒரு முகம் உண்டு என்பது அந்த வயதில் எனக்கு உறைத்ததே இல்லை. புதிதாகக் கட்டிய ஒற்றை அடுப்பைப் பற்றிச் சொன்னேன். கேட்டுக்கொண்டார். "சரி, போ" என்றார். அவ்வளவுதான். என்ன செய்யப்போகிறார் என்று சொல்லவில்லை.

அதிகாரி வந்த அன்று ஜீப் ஊருக்குள் நுழைந்தது. பி.டி.ஓ. இறங்கி விறுவிறுவென்று முன்னால் நடந்தார். புது அடுப்பு வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். அதைத் தாண்டிக் குருவம்மா வீட்டுக்குள் நுழைந்துவிட்டார்! அதிகாரி குனிந்து அடுப்புக்குள் எட்டிப் பார்த்தார். கோழி சிறகை அடித்துக்கொண்டு அவர் முகத்துக்கு நேராகப் பாய்ந்து வெளியே ஓடியது. அவருடைய தொப்பி கீழே விழுந்தது. குருவம்மா 'ஐயோ' என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"என்ன சார் இது?" என்றார் அதிகாரி.

"நாங்க கட்டுன அடுப்பு சார்" என்றார் பி.டி.ஓ. "கரிசல்ல கட்டினோம், வெடிச்சுப் போச்சு. ஊரு பூராவும் இந்த லட்சணந்தான். எரியுதுன்னு நான் சொன்னது தப்பு. அடுத்த வீட்டுல செம்மண்ணுல வேற மாதிரி ஒண்ணு கட்டியிருக்கோம். அதையும் ஒரு நட பாத்துட்டு அப்புறமாத் திட்டுங்க சார்."

அதிகாரி தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்கு வந்தார். அங்கே பருத்திமார் நீளமாக எரிந்துகொண்டிருந்தது. வீட்டுக்காரி கம்பஞ்சோறு கிண்டிக் காட்டினாள். அதிகாரி உட்கார்ந்தே பார்த்தார். எத்தனை நாள் நிற்கும், செம்மண் வண்டிக்கு என்ன ஆகும் என்றெல்லாம் கேட்டார். கடைசியில், "யார் யோசனை இது?" என்றார்.

நான் சேலையை இழுத்துச் சரிசெய்துகொண்டு ஒரு அடி முன்னால் வந்தேன்.

"ஆபீசுல எல்லாருமாச் சேந்து செஞ்சதுதான் சார்" என்றார் பி.டி.ஓ. என்னைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை.

எனக்கு வந்த ஆத்திரத்தைக் கேட்காதீர்கள். ஸ்டெல்லாவிடம் அவரைப் பற்றி என்னென்னவோ பேசினேன், எழுதவே கூசுகிறது. மறுநாள் நேரே அவர் அறைக்குப் போய் நின்றேன். நான் வாயைத் திறப்பதற்கு முன்னால் அவரே பேசினார்.

"ஒம் பேரைச் சொல்லலன்னு வந்து நிக்கே. சொல்லியிருந்தா அடுத்த கேள்வி என்ன வரும்? 'அந்த வெடிச்ச அடுப்பெல்லாம் யாரு கட்டினது'ன்னு வரும். அதுவும் நீதான். அவ்வளவு பேரு மத்தியில நின்னு பதில் சொல்லியிருப்பியா?"

மாதக் கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் அவருக்கு நான் செய்ததை அவர் எனக்குச் செய்யவில்லை.

"ஒக்காரு" என்றார். அன்றுதான் முதல்முறையாக அவர் எதிரில் உட்கார்ந்தேன். "டிரெயினிங்குக்குப் பேரு கேட்டுருக்காவ. ஒண்ணே ஒண்ணு கேக்கேன். போயிட்டு வந்து கல்யாணம்னு வேலையை விட்டுருவியா?"

"கல்யாணம் பண்ணுவேன் சார். வேலையை விட மாட்டேன்."

"முன்னால போனவளும் இதையேதான் சொன்னா."

எங்கிருந்து தைரியம் வந்ததோ தெரியவில்லை. "அவியளா இருந்தா, கோழி அடைகிடக்கதை ஒங்ககிட்ட வந்து சொல்லியிருப்பாவளா சார்?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அவரே திருநெல்வேலிக்குப் போய் எனக்காகப் பேசினார். அங்கே அவர் பேசியதை, கூடப் போயிருந்த ஸ்டெல்லா வந்து அப்படியே நடித்துக் காட்டினாள். மறுபடியும் பெண்ணா, ஒருதடவை பட்டது போதாதா என்று கேட்டிருக்கிறார்கள். "இந்தப் பிள்ளை கெட்ட சேதியை மொதல்ல எங்கிட்டதான் கொண்டுவரும். கல்யாணச் சேதியையும் மொதல்ல எங்கிட்டதான் சொல்லும். அதுக்கு நான் பொறுப்பு" என்றாராம்.

கவனியுங்கள் பிள்ளைகளா. நான் வெயிலில் நடந்ததை அவர் அங்கே சொல்லவில்லை. அது யாருக்கு வேண்டும்? மேலே இருப்பவர்களிடம் உங்களுக்காகப் பேச உங்கள் ஆபீசருக்கு ஒரு பேச்சு வேண்டும். அதை நீங்கள்தான் அவர் கையில் கொடுக்க வேண்டும். அதோடு, உங்களுக்காகப் பேசுகிறவர் தன் பெயரை உங்கள்மேல் வைத்துவிட்டுத்தான் பேசுகிறார் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

பயிற்சி முடித்து முக்கிய சேவிகாவாக அதே அலுவலகத்துக்கு வந்தேன். அடுத்த வருடம் எனக்குக் கல்யாணம் கூடியது. பத்திரிகை அச்சடிக்கக் கொடுப்பதற்கு முன்னால், என் தாய்மாமாவுக்குக்கூடச் சொல்வதற்கு முன்னால், போய் அவரிடம் சொன்னேன். அவர் அப்போது வேறு ஊருக்கு மாற்றலாகியிருந்தார். "மாப்பிள்ளை வேலைக்குச் சம்மதிச்சாச்சா?" என்றார். "சம்மதிச்சதுக்கு அப்புறந்தான் சார் நான் சம்மதிச்சேன்" என்றேன்.

கல்யாணம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கோவில்பட்டியில். அவர் பஸ் பிடித்து வந்துவிட்டார். தாலி கட்டி முடிந்து எல்லோரும் மேடைக்கு வந்து ஆசீர்வாதம் பண்ணிக்கொண்டிருந்தார்கள். அவர் முறை வந்தது. பந்திக்கு வாங்க என்று என் மாமா அவர் கையைப் பிடித்து இழுக்கிறார். அவர் நகரவில்லை. குனிந்திருந்த என் தலைக்கு நேராகக் குனிந்து மெதுவாகக் கேட்டார்.

"ஏம்மா, நாளைக்கு டியூட்டி உண்டுல்லா?"

மணப்பெண் தலைநிமிரக் கூடாது என்று சொல்லி வைத்திருந்தார்கள். நான் நிமிர்ந்தேன். "உண்டு சார்" என்றேன்.

"அப்பச் சரி, சாப்பிடப் போறேன்" என்று சொல்லிவிட்டு, என் மாமாவோடு பந்திக்குப் போனார்.

திங்கட்கிழமை காலை, கழுத்தில் மஞ்சள் கயிறு புதுசாகக் கிடக்க, நான் அலுவலகத்துக்குப் போனேன். மறுவீட்டு விருந்தைச் செவ்வாய்க்கிழமைக்குத் தள்ளி வைத்தார்கள். என் மாமியார் அதை ரொம்பக் காலம் சொல்லிக்காட்டிக்கொண்டே இருந்தார்கள்.